ஜாதவ்பூரில் பிடித்த வீடு

என் கண்ணம்மாவுக்கு,

கல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்து பதினைந்து நாளாகிறது. சால்ட் லேக்கில் வீடு பார்த்தேன். அலுவலகத்துக்கு நடந்தே போகலாம். நம்மூர்க்காரர்கள் நிறைய இருக்கும் லேக் மார்க்கெட் பக்கமும் ஒன்று பார்த்தேன். அங்கே காப்பிப்பொடி அரைக்கும் மணம் தெருமுனைக்கே வந்து கூப்பிட்டது, வாழையிலைகூடக் கிடைக்கிறது.

ஆனால் ஜாதவ்பூரில் எடுத்துவிட்டேன். என்ன ஜனங்களம்மா இவர்கள்! டீக்கடை பெஞ்சில் இரண்டு பெரியவர்கள் ஏதோ ஒரு கவிதைக்காகச் சண்டை போடுகிறார்கள். பஸ் வந்து போனதையே கவனிக்கவில்லை. வழி கேட்டால் வாசல்வரை கொண்டுவந்து விடுகிறார்கள்.

வீடு பார்க்கக் கூட வந்த அலுவலக நண்பர் விச்வேச்வரன்தான் தயங்கினார். "அண்ணா, கீழ் வீட்டுல ரெண்டு வேளையும் மீன் பொரிப்பா. உங்களால தாங்க முடியுமா?"

"பழகிக்கணும்ப்பா," என்றேன்.

நான்கு வருஷத்துக்கு முன், உன் கல்யாணப் பேச்சு வந்தபோது, மீன் வாடை அடிக்கும் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்றேன். நீ மறந்திருக்க மாட்டாய்.

இப்போது ஜன்னலைச் சாத்தாமலே சாப்பிடுகிறேன். உன் வீடு இரண்டு தெரு தள்ளித்தான் என்று தெரியும். நீ கூப்பிடாமல் வர மாட்டேன்.

கூப்பிட்டால், அன்றைக்கு எனக்காகச் சமையலை மாற்ற வேண்டாம் என்று மாப்பிள்ளையிடம் சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா