காற்றுப் புகாத பொட்டலம்

ஜூன் 3

மூன்றாம் மாடிக் குழந்தைகள் வார்டின் முடிசூடா ராணி, என் ஒரே மருமகள் வாலுவுக்கு,

மாமன் எழுதுவது. நான் நலம். என் நலத்தைப் பார்த்து ரோட்டில் போகிற வண்டிகளெல்லாம் பொறாமையில் புகை விடுகின்றன. உன் நலத்தை அக்கா தினமும் சொல்லிவிடுகிறாள். ரத்த அணு எத்தனை, காய்ச்சல் எத்தனை என்று அவள் சொல்லும் எண்களை வண்டிக் கதவின் உள்பக்கம் சாக்பீஸால் எழுதி வருகிறேன். என்னோடு சுமை தூக்கும் கூட்டாளி பார்த்துவிட்டு, "என்னப்பா இது, ஸ்கோரா?" என்றார். "ஆமா, எங்க வீட்டுப் பொண்ணு பேட்டிங்ல இருக்கா"ன்னேன்.

இனி அரசாணை. உன் ஆஸ்பத்திரிக்குப் பின்னாலேயே, முடி கொட்டிப்போன குழந்தைகளுக்கு இலவசமாக விக் பின்னித் தரும் இடம் இருப்பதாக அக்கா நோட்டீஸ் அனுப்பியிருந்தாள். முப்பது சென்டிமீட்டர் வேண்டுமாம், சாயம் படாததாக வேண்டுமாம். கேட்டார்களே ஒரு கேள்வி! ஆறு வருஷமாகக் கத்தரி படாத என் கூந்தலை நீ அறிவாய். ஜன்னலை இறக்கிவிட்டு நான் வண்டி ஓட்டினால், பின்னால் வருகிறவர்கள் பொழுது சாய்ந்துவிட்டது என்று விளக்கைப் போடுகிறார்கள்.

அத்தனையும் உனக்கே. நகை, நிலம் எழுதி வைக்கிற மாமன்களைப் பார்த்திருப்பாய். தலையையே எழுதி வைக்கிறவன் நான் ஒருவன்தான். எனக்கு உரிமையும் உண்டு. அக்கா காலை ஷிப்டுக்குப் போன நான்கு வருஷமும் உனக்கு ரெட்டைப் பின்னல் போட்டது யார்? சாமான் கட்டுகிற பழக்கத்தில் நான் இழுத்துக் கட்டியதில் உன் கண்ணிரண்டும் காதுவரை போய், "ஏன் என்னை முறைக்கிற?" என்று டீச்சர் உன்னை வெளியே நிறுத்தினாளே!

விக் தயாரானதும் நானே வந்து உன் தலையில் வைப்பேன். என்றைக்கு என்று கேட்காதே. வண்டி இன்று ஒரு ஊர், நாளை ஒரு ஊர். நின்றால் எனக்குக் கால் அரிக்கிறது.

இப்படிக்கு,
வீடுகளை வேரோடு பிடுங்கி வேறிடத்தில் நடும் ஏழு டன் வண்டியின் தளபதி,
உன் மாமன்


ஜூன் 7

அன்புள்ள மாமாவுக்கு,

முடிசூடா ராணி என்று எழுதிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டிருப்பீர்கள். எனக்குச் சிரிப்புதான் வந்தது. பக்கத்துக் கட்டில்காரிக்குப் படித்துக் காட்டினேன். அவள் தனக்கும் ஒரு பட்டம் வேண்டும் என்கிறாள்.

விக் பின்னுகிற அக்கா நேற்று வந்து என் தலையை அளந்தார்கள். தையற்காரர் மாதிரி டேப், காதில் பென்சில். உங்கள் அரசாணையைச் சொன்னேன். ஒரு விக்குக்குப் பத்துப் பேருக்கு மேல் முடி வேண்டுமாம். வலைத்துணியில் கொக்கி ஊசியால் சில இழைகளாக எடுத்து முடிச்சுப் போடுவார்களாம். எல்லாருடையதையும் கலந்துதான் செய்வார்கள். "யார் முடி யார் தலைக்குப் போச்சுன்னு எனக்கே தெரியாதும்மா" என்றார்கள். அதனால் உங்கள் முடி எனக்கு வராது மாமா. யாரோ ஒரு பிள்ளைக்குப் போகும். பரவாயில்லையா?

அது போகட்டும். அம்மா உங்களிடம் சொன்னாளா தெரியவில்லை. 28ஆம் தேதி காலையில் என்னைக் கண்ணாடி அறைக்கு மாற்றுகிறார்கள். அப்பாவின் எலும்பு மஜ்ஜையை எனக்கு ஏற்றப் போகிறார்கள். அதன்பிறகு ஆறு வாரம் அம்மாவைத் தவிர ஒருவரும் உள்ளே வரக் கூடாது. பலிக்கலாம், பலிக்காமலும் போகலாம் என்று டாக்டர் அம்மாவிடம் சொன்னார். நான் தூங்குகிறேன் என்று நினைத்துச் சொன்னார்.

விக்குக்காகக் காத்திருக்க வேண்டாம். 28க்கு முன்னால் வாருங்கள். தேதி போட்டு எழுதுங்கள். 'ஒருநாள் வருவேன்' என்பதெல்லாம் தேதி இல்லை.

உங்கள் வாலு


ஜூன் 12

கேள்விகளின் பேரரசிக்கு,

உன் கடிதம் கம்பெனி ஆபீஸில் கிடைத்தது. யாரோ ஒரு பிள்ளைக்குப் போகுமா? போகட்டும். என் புகழ் பத்துத் தலைகளில் பரவட்டும்.

காரியம் முடிந்தது. ஒன்பதாம் தேதி சலூன் நாற்காலியில் அமர்ந்தேன். அந்த மனிதர் கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு, "நிஜமாத்தான் சொல்றீங்களா சார்? அப்புறம் வந்து ஒட்டவைன்னு கேக்கக் கூடாது" என்று மூன்று தரம் கேட்டார். வெட்டியதும் கடை ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

பின்னலை நானே பேக் செய்தேன். இருபத்திரண்டு வருஷமாக ஊரார் பீங்கானையும் நிலைக்கண்ணாடியையும் சுமக்கிறேன். ஒரு கோப்பையின் காது உடைந்ததில்லை. இரண்டு தடவை ஷாம்பு போட்டு அலசினேன். அந்த மினுமினுப்பும் வாசனையும் குறைவதற்குள் பிளாஸ்டிக் உறையில் போட்டு, குமிழ்த் தாள் நான்கு சுற்று, டேப் ஆறு சுற்று. எறும்பு என்ன, காற்றே அனுமதிச் சீட்டு வாங்கித்தான் உள்ளே போக வேண்டும். அம்புக்குறி போட்டு 'இப்பக்கம் மேலே', 'உடையும் பொருள்' என்றும் எழுதினேன். தபால் ஆபீஸ் அம்மா, "இதுல உடையறதுக்கு என்ன சார் இருக்கு?" என்றார். "என் மனசும்மா" என்றேன். சீல் குத்திவிட்டார்.

வருவதைப் பற்றிக் கேட்டிருந்தாய். வர மாட்டேனா? ஆனால் இன்று அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் கிடக்கிறேன். ஒரு கிழவர் வீட்டுப் பியானோவை நான்காம் மாடிக்கு ஏற்றுகிறோம். படிவளைவில் அது சிக்கிக்கொண்டது. அந்த வீட்டுக்காரர்கள் அதன் மேலேயே ஏறி இறங்கிப் போய்வருகிறார்கள். இங்கே மழை வேறு. அடுத்த வாரம் பார்க்கலாம்.

இப்படிக்கு,
கழுத்தில் காற்றுப்படும் புதிய சுகத்தில்,
மாமன்


ஜூன் 17

மாமாவுக்கு,

பொட்டலம் வந்தது. விக் அக்காவின் அறைக்கு அம்மா என்னைச் சக்கர நாற்காலியில் கூட்டிப் போயிருந்தாள். பிரிக்கவே கால் மணி நேரம் ஆயிற்று. கடைசி உறையை வெட்டியதும் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். முழுதும் பூசணம். ஈர முடியை மூடி வைத்தால் இரண்டு மூன்று நாளில் அப்படித்தான் ஆகுமாம். நன்றாகக் காயவைத்துச் சாதாரண காகித உறையில் அனுப்ப வேண்டும் என்று நோட்டீஸில் இருக்கிறது. கடைசி வரி.

"யாரும்மா பேக் பண்ணது?" என்றார்கள். "எங்க மாமா. பேக் பண்றதுதான் அவர் தொழில்" என்றேன். அவர்கள் உதட்டைக் கடித்துக்கொண்டார்கள். நானும்தான். அப்புறம் அறையைத் துடைக்கச் சொன்னார்கள். எனக்குக் கிருமி ஆகாது என்று அம்மா அவசரமாகத் திருப்பிக் கூட்டி வந்துவிட்டாள். ஆறு வருஷ முடி மாமா. பாவம் நீங்கள்.

இதோடு நிறுத்திவிடலாம் என்றுதான் நினைத்தேன். முடியவில்லை.

பன்னிரண்டாம் தேதி மதியம் இரண்டே காலுக்கு எதிர்ப்பக்க மருந்துக் கடையோரம் ஒரு மஞ்சள் வண்டி வந்து நின்றது. ஒரு ஆள் இறங்கி நடைபாதையில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தார். ஒட்ட வெட்டின தலை, அதனால் முதலில் தெரியவில்லை. நடையை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். பதினான்கு தடவை நடந்தீர்கள். வாசல்வரை இரண்டு தடவை வந்தீர்கள். நான் கண்ணாடியைத் தட்டினேன். கை ஆட்டினேன். நீங்கள் மேலே பார்க்கவே இல்லை. மூன்று மணிக்கு வண்டி போய்விட்டது.

அன்றைக்குத் தேதி போட்டுத்தான் பியானோவும் மழையும் எழுதியிருக்கிறீர்கள்.

அம்மாவிடம் சொல்லவில்லை. அவள் உங்களைத் திட்டுவாள். எனக்கு அது பிடிக்காது, நானே திட்டிக்கொள்கிறேன். போன் செய்தாலும் அம்மாவோடு பேசுகிறீர்கள், என்னிடம் கொடுத்தால் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுகிறீர்கள். என்னைப் பார்க்க உங்களுக்கு அவ்வளவு பயமா?

வாலு


ஜூன் 20

வாலு,

உலகத்தில் ஒரே மாதிரி ஏழு பேர் உண்டாம். என் அழகில் ஏழு பேர் என்றால் உலகம் தாங்காது என்பது வேறு விஷயம். அந்த மஞ்சள் வண்டிக்காரன் ஒருவேளை

இல்லை. நான்தான்.

மேலே எழுதியதைக் கிழித்துப் போட்டிருக்கலாம். நாலு தாள் ஏற்கனவே போய்விட்டது, இது ஐந்தாவது. எந்தத் தாளை எடுத்தாலும் கை தானாக ஒரு பியானோவை ஏற்றிவிடுகிறது. முடியைக் கெடுத்ததற்காவது ஆறுதல் உண்டு, அது வளரும். அடுத்த தடவை கடைசி வரியை முதலில் படிக்கிறேன்.

போன மாதம் அக்கா உன் போட்டோ ஒன்று அனுப்பினாள். பெட்ரோல் போட நின்றபோது பார்த்தேன். பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்து, கடைசியில் ஒருவர் இறங்கி வந்து, "சார், உடம்பு சரியில்லையா?" என்று கேட்கும்வரை அங்கேயே நின்றேன். வகிடு எடுத்துப் பழகிய தலை அது. எந்த இடத்தில் சுழி இருக்கிறது என்று என் விரலுக்குத் தெரியும். போட்டோவில் அந்தச் சுழி மட்டும் இருந்தது.

நான் முகத்தை மறைக்கத் தெரியாதவன். உன் எதிரே வந்து நின்று என் முகம் கோணிப்போனால், அதைப் பார்த்து, நாம் பிழைக்க மாட்டோம் போலிருக்கிறது என்று நீ நினைத்துவிட்டால்? விக்கோடு வந்தால் நீ பழையபடி இருப்பாய், நானும் பழையபடி உளறலாம் என்று கணக்குப் போட்டேன். இரும்பு பீரோவை முதுகில் ஏற்றி நாலு மாடி ஏறுகிறவன் நான். உன் மூன்றாம் மாடிக்கு லிப்ட் இருக்கிறது.

27ஆம் தேதி மாலை வருகிறேன். தேதி போட்டுவிட்டேன், பார்.

மாமன்


ஜூன் 23

அன்புள்ள மாமாவுக்கு,

27, மாலை நாலு முதல் ஆறு. லிப்டிலிருந்து வலது பக்கம், இரண்டாவது கதவு, ஜன்னல் ஓரக் கட்டில். கையை முழங்கைவரை கழுவ வேண்டும். மாஸ்க் அவர்களே தருவார்கள். பூ கூடாது, பழம் கூடாது. சளி இருந்தால் வரக் கூடாது. பயம் இருந்தால் வரக் கூடாது என்று போர்டில் எழுதவில்லை.

என் விக் வந்துவிட்டது. பதினோரு பேர் முடியாம். தோள்வரை இருக்கிறது. நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அரிக்கிறது. மத்தியானம் கழற்றி மருந்து பாட்டில் தொங்குகிற கம்பியில் மாட்டியிருந்தேன். புதிதாக வந்த நர்ஸ் அக்கா போர்வை விலகி ஒரு பெண் எழுந்து நிற்கிறாள் என்று நினைத்து, "ஏம்மா எழுந்த? படு" என்று அதை அதட்டினார்கள். பக்கத்துக் கட்டில்காரி சிரித்ததில் அவளுக்கு விக்கல் எடுத்துவிட்டது.

ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் வரும்போது நான் அதைப் போட்டுக்கொள்ளட்டுமா, இல்லை இப்படியே இருக்கட்டுமா? உங்களுக்கு எது சுலபம்? எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

முகம் கோணினால் கோணட்டும். எனக்கு டாக்டர்களின் கோணாத முகத்தைப் பார்த்துத்தான் பயம்.

வாலு


ஜூன் 28

வாலு,

நேற்று மூன்றே முக்காலுக்கே வந்துவிட்டேன். வழியில் பஞ்சர் இல்லை, மழை இல்லை, பியானோ இல்லை. நாலு மணிக்கு வண்டிக் கதவைத் திறந்தேன். மூடினேன். ஐந்துக்கு ஒரு தடவை. ஐந்தரைக்குக் கீழ் வாசலில் கை கழுவிவிட்டுத் திரும்பி வந்தேன். ஆறேகாலுக்கு அக்கா மருந்து வாங்க இறங்கி வந்து என்னைப் பார்த்தாள். திட்டவில்லை. "நாலு மணியிலேர்ந்து அதைப் போடறதும் கழட்டறதுமா இருந்தாடா" என்றாள். அவ்வளவுதான். மருந்துச் சீட்டை என் கையில் கொடுத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

திட்டியிருந்தால் ஓடியிருப்பேன்.

இப்போது கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். உன்னை உள்ளே கொண்டு வந்து இரண்டு மணி நேரம் ஆகிவிட்டதாம். நேற்று மேலே வந்திருந்தால் தொட்டுப் பார்த்திருக்கலாம். இனி ஆறு வாரம் கண்ணாடிதான். இது நான் செய்த காரியம். இதற்குச் சொல்ல என்னிடம் எந்தக் கதையும் இல்லை.

நீ தூங்குகிறாய். உன் அப்பாவின் மஜ்ஜை ஒரு சின்னப் பையிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. அதைப் பெரிய பாத்திரத்தில் வைத்து ஏற்றுவார்கள் என்று நினைத்திருந்தேன். ஒரு டம்ளர்கூட இருக்காது. உள்ளே விக் போகாதாம், வெளியே பெட்டியில் வைத்துவிட்டார்கள். ஆகவே உன் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதே இல்லை. ஆனாலும் சொல்கிறேன். இப்படியே. நாற்பது நிமிஷமாக உன் தலையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முகம் கோணத்தான் செய்தது. பிறகு அதற்கே அலுத்துப்போய் நேராகிவிட்டது.

கம்பெனியில் ஆறு வாரம் லீவு சொல்லிவிட்டேன். வண்டியைக் கூட்டாளி எடுத்துப் போகிறார். சாவியைக் கொடுத்ததிலிருந்து கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கால் ஆடிக்கொண்டே இருக்கிறது. எதிர் நாற்காலி அம்மா இரண்டு தரம் முறைத்துவிட்டார்.

இந்தத் தாளை உள்ளே கொடுக்கச் சொல்லிக் கேட்டேன். "பேப்பர் உள்ள போகாது சார். சுவத்துல போன் இருக்கு பாருங்க, உள்ள ஒண்ணு இருக்கு. எழுந்ததும் பேசுங்க" என்கிறார் நர்ஸ். பேச வேண்டுமாம். அதனால்தான் எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொள்கிறேன். குரல் கம்மினால் தாளைப் பார்த்துப் படித்துவிடலாம். நடுவில் சத்தம் வராமல் போனால், வைத்துவிட்டேன் என்று நினைக்காதே. வைக்க மாட்டேன். கொஞ்சம் பொறு.

முதலில் சொல்ல நினைத்திருப்பது

கண்ணைத் திறந்துவிட்டாய். அக்கா காட்டுகிறாள். ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, இன்னும் என்ன எழுத்து என்று இந்தப் பக்கம் பார்த்துக் கையை ஆட்டுகிறாய்.

கையெழுத்துப் போட நேரமில்லை.