வெறும் வயிறும் கசப்புத் தண்ணீரும்

வித்சுகோ,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள மச்சான் ஃபோர்தினோவுக்கு,

எல்லைக்கு அப்பால் ஃபிரெஸ்னோவில் நீயும் உன் குடும்பமும் நலமாக இருக்க வேண்டும். உன் அக்கா ஒப்துலியா உயிரோடு இருக்கிறாள். இதை முதலில் எழுதுகிறேன், ஏனென்றால் என் மகள் மரிசெலா போனில் உனக்கு வேறு மாதிரிச் சொல்லியிருப்பாள். அவள் சொன்னதில் பாதி உண்மை. எந்தப் பாதி என்றுதான் தெரியவில்லை. போன் அவள் கையில் இருப்பதால் கடிதம் எழுதுகிறேன்.

உன் அக்காவுக்குச் சர்க்கரை வந்ததிலிருந்து எங்கள் வீட்டுப் பானையில் வேறு தண்ணீர் கிடையாது. மலையிலிருந்து கொபால்ச்சிப் பட்டை கொண்டுவந்து நானே கொதிக்கவைத்து, ஆறவைத்து ஊற்றுகிறேன். தாகத்துக்கும் அதுதான், விருந்தாளிக்கும் அதுதான். "அத்தான், இது தண்ணியா தண்டனையா?" என்று நீ ஒருமுறை கேட்டாயே, அதே பானை. மரிசெலாவோ, "அது வெறும் மரப்பட்டைப்பா, அதுல ஒண்ணுமே இல்ல" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனை. வெறும் வயிற்றில் வர வேண்டும், தண்ணீர் மட்டும் குடிக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். காலையில் உன் அக்கா பானைக்குப் பக்கத்தில் நின்று, "இதக் குடிக்கலாமா கிழவா?" என்று கேட்டாள். "தண்ணிதானே, குடி" என்றேன். குடித்தாள். வரிசை நீளம். முன்னால் நின்றவளிடம் ஏதோ வம்பு பேசிச் சிரித்துக்கொண்டிருந்தவளுக்கு நாக்குக் குழறியது, வியர்த்துக் கொட்டியது. சோள மூட்டைபோல என்மேல் சரிந்துவிட்டாள். உள்ளே கொண்டுபோய் ஊசி வழியாகச் சர்க்கரை ஏற்றினார்கள். இத்தனை வருஷம் அவள் வாய்க்குள் போகாமல் நான் காவல் காத்த சர்க்கரைதான் அவளை எழுப்பியது, மச்சான்.

பிறகுதான் விஷயம் தெரிந்தது. மரிசெலா வாங்கித் தந்த மாத்திரையை உன் அக்கா மாதக்கணக்காக விழுங்கி வந்திருக்கிறாள். சோளம் வேகவைக்கும்போது போடும் சுண்ணாம்பு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்திருக்கிறாள். நான் அந்தப் பக்கம் போகவே மாட்டேன் என்று தெரிந்தவள். அன்று காலையும் விழுங்கியிருக்கிறாள், அதுவும் என் பானைத் தண்ணீரை ஊற்றி. ஏனடி என்று கேட்டதற்கு, "அவ அழுவுறா, நீ கத்துற. ரெண்டு பேரையும் வயித்துக்குள்ள போட்டு அடக்கிட்டேன்" என்றாள்.

சுகாதார நிலையத்தில் இருப்பது ஒரு சின்னப் பெண் டாக்டர். தலைநகரத்துப் பல்கலைக்கழகத்தில் இந்தப் பட்டையின் சத்தைப் பிரித்தெடுத்து எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள், சர்க்கரை இறங்கியிருக்கிறது, நான் பத்திரிகையில் படித்தேன் என்று அவளிடம் சொன்னேன். மறுப்பாள் என்று நினைத்தேன். மறுக்கவில்லை. "ஆமா தோன் கிரெசென்சியோ, வேலை செய்யுது. அதனாலதான் எனக்குப் பயம். அவங்க அளந்து குடுத்தாங்க. மாத்திரையில எவ்வளவு மருந்துன்னு அட்டையிலயே இருக்கு. உங்க பானையில எவ்வளவுன்னு யாருக்குத் தெரியும்?" என்றாள். மாத்திரை ஒரு பக்கம், பட்டை ஒரு பக்கம், நடுவில் வெறும் வயிறு என்று கையை விரித்துக் காட்டினாள். நான் தொப்பியை எடுத்துக்கொண்டு உன் அக்காவின் கட்டிலுக்குப் போய்விட்டேன்.

மரிசெலாவிடம் மட்டும் விடாமல் கேட்டேன். ஒன்றுமே இல்லாத பட்டை எப்படி ஒரு ஆளைக் கீழே தள்ளும் என்று. "அப்போ தள்ளினது நீங்கதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அன்றிலிருந்து இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். பட்டையில் ஒன்றும் இல்லை என்றால் என்மேல் குற்றம் இல்லை. ஆனால் அத்தனை முறை மலை ஏறியது எதற்கு? பட்டையில் மருந்து இருக்கிறது என்றால் நான் சொன்னதுதான் சரி. அப்படியானால், மச்சான், நீயே யோசித்துக்கொள். மாத்திரை இல்லாதிருந்தால் அவள் விழுந்திருக்க மாட்டாள், அதை எவர் வந்து கேட்டாலும் சொல்வேன். மரிசெலா பட்டையைக் குறித்து இதையே சொல்கிறாள்.

நேற்று வியாழன், வழக்கம்போலப் பச்சைப் பொசோலேச் சோளக் குழம்பு வைத்தோம். உன் அக்கா கொஞ்சம் சாப்பிட்டாள். தண்ணீர் கேட்டாள். நான் எழுந்தேன். "நீ உக்காரு" என்று சொல்லிவிட்டு மகளைக் கூப்பிட்டாள். மரிசெலா கடையில் வாங்கிவைத்திருக்கும் கேனிலிருந்து ஊற்றிக் கொடுத்தாள். உன் அக்கா கோபமாகச் சொல்லியிருந்தால் திருப்பிக் கத்தியிருப்பேன். மெதுவாகத்தான் சொன்னாள்.

பழைய பானையை மணல் போட்டுத் தேய்த்தேன். கசப்பு போகவில்லை, மண்ணிலேயே ஊறிவிட்டது. இன்று சந்தையில் புதுப் பானை வாங்கி வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஊற்றியிருக்கிறேன். நான் தோற்றுவிட்டேன் என்று இதற்கு அர்த்தம் இல்லை. டாக்டர் பெண் சரி என்று சொல்லும்வரை பட்டை பரணில் இருக்கும், அவ்வளவுதான்.

இந்தக் கடிதம் கிடைத்த பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை நீ உன் அக்காவோடு பேசும்போது எனக்காகப் பரிந்து பேச வேண்டாம். புதுப் பானையில் இருப்பது வெறும் தண்ணீர் என்று மட்டும் சொல். நீ சொன்னால் நம்புவாள். என் கையால் ஒரு குவளை வாங்கிக் குடிக்கச் சொல். கசக்கவில்லை, நானே குடித்துப் பார்த்துவிட்டேன்.

குவாதலூப்பே மாதா உங்கள் எல்லோரையும் காக்கட்டும்.

உன் அத்தான்,
கிரெசென்சியோ