பாதியில் தூக்கிய கால்

அன்பு மகள் டெஸ்ஸாவுக்கு,

அம்மாவும் நானும் சுகம், போர்ட்லண்ட் மழையில் உனக்குச் சளி பிடிக்காமல் இருக்க வேண்டுமே என்பதுதான் எங்கள் கவலை. அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. மான் மேய்ந்தது போக மிஞ்சிய பீன்ஸைப் பாட்டிலில் அடைத்து உனக்கும் எடுத்து வைத்திருக்கிறாள். செப்டம்பரில் உங்கள் புளூகிராஸ் பாட்டுக் குழு கென்டக்கிக்கு வாசிக்க வரும்போது நீயும் வருவாயா அப்பா என்று கேட்டிருந்தாய், பதிலே போடாமல் நாளை ஓட்டினேன். இப்போது எழுதவும் கை கூசுகிறது, ஆனால் ஓப்பல் வாயால் உனக்குத் தெரிவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

சனிக்கிழமை தீயணைப்பு நிலையத்துக்குப் பின்னால் வழக்கம்போல வட்டமாக உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தோம். தீவனக் கடை ஓப்பல் பிடிலில் ஒரு புதுப் பாட்டை எடுத்தாள், பாடவும் செய்தாள். சுரங்கத்திலிருந்து வந்தவன் கரி போகக் கழுவாமல் பிள்ளையைத் தூக்கமாட்டேன் என்று குழாயடியிலேயே நிற்கிறான், உள்ளே பிள்ளை அழுகிறது, அவ்வளவுதான் கதை. ஆனால் அந்த மெட்டு! நம் பழைய பாட்டு மாதிரியே கிளம்பி, திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் கொஞ்சம் தயங்கி நிற்கிறது. என் முறை வந்தபோது பாஞ்சோ தந்திகளை எப்போதும்போல விரட்டாமல், கண்ணை மூடிக்கொண்டு விட்டுவிட்டு வாசித்தேன். அடடா, யார் பாட்டும்மா இது என்று கேட்டேன். அவள் வில்லை நிறுத்தாமலே, உம்ம மக பாட்டுதான்யா வெர்ஜில், குழாயடியில நிக்கிறதும் நீருதான், தெரியலையாக்கும் என்று சிரித்தாள்.

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். உங்கள் குழுவில் டிரம் சேர்த்ததற்காக, டிரம் வெச்சா அது ஊர்வலம்யா, எம் மவ வாசிக்கிறத நம்ம பாட்டோட சேக்காதீங்க என்று இதே வட்டத்தில் எத்தனை தடவை உன்னை விட்டுக்கொடுத்துப் பேசியிருப்பேன். அந்த வெட்கத்தில் காலைத் தூக்கிவிட்டேன். பாட்டை எடுத்தவர் கால் தூக்கினால்தான் பாட்டு முடியும் என்பது உனக்குத் தெரியாததா! அடுத்தவள் எடுத்த பாட்டை, அதுவும் நடு அடியில் நான் நிறுத்தினேன். மூத்தவனாயிற்றே என்று எல்லோரும் வாசிப்பை நிறுத்திவிட்டார்கள். ஓப்பல் பிடிலைப் பெட்டியில் வைத்துவிட்டு, புடிச்சிருக்குன்னு சொன்னா கிரீடம் எறங்கிருமோ, பெத்த புள்ளகிட்ட என்னய்யா வீம்பு உமக்கு என்று கேட்டுவிட்டுப் போனாள். மானமே போயிற்று, ஆனால் அவள் கேட்டதில் தப்பில்லை.

மறுநாள் அவள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன், மிச்சத்தையும் வாசித்துக் காட்டு என்று கெஞ்சினேன். முடிவ உம்ம மககிட்டயே கேட்டுக்கும் என்று கதவைச் சாத்திவிட்டாள். அவன் அந்தப் பிள்ளையைத் தூக்கினானா இல்லையா என்று தெரியாமல் திரிகிறேன் மகளே.

கடவுள் உன்னையும் உன் குழுவையும் கண்போலக் காக்கட்டும், அந்த டிரம்காரனையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வண்டியில் வாத்தியங்களை வெயில் படாமல் வை. செப்டம்பரில் முன்வரிசையில் இருப்பேன். நீ கால் தூக்கும்வரை எழுந்திருக்க மாட்டேன்.

வெட்கத்தோடு,
உன் அப்பா வெர்ஜில்