பதினான்கு இடது கைகள்

பிப்ரவரி 11

அன்புள்ள ரப்பருக்கு,

இந்த நேரங்கெட்ட நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். மணி ஒன்றரை. குட்டியன் இப்போதுதான் கண் அசந்தான். எழுத்து கோணலாக இருந்தால் தூக்கத்தைத் திட்டு, என்னைத் திட்டாதே.

பிள்ளை பிறந்து மூன்று மாதமாக ஒரு வரி போடவில்லை, கோபம்தானே? ஆனால் கை சும்மா இல்லை. அவன் தூங்கும்போதெல்லாம் வரைகிறேன். பதினான்கு படம் சேர்ந்துவிட்டது. தேதி போட்டு நோட்டையே அனுப்புகிறேன். போட்டோ மட்டும் கேட்காதே. கல்லூரி ஓவிய மன்றத்தில் நாம் போட்ட விதி விதிதான்: எதையும் வரைந்துதான் காட்ட வேண்டும். வழக்கம்போல் தப்பை அழித்துத் திருத்து, உனக்கு ரப்பர் என்று பேர் சும்மாவா வைத்தோம்?

எதற்கெடுத்தாலும் பயமாயிருக்கிறது. மூச்சு விடுகிறானா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கிறேன். "அவனையும் தூங்க விடமாட்டே, என்னையும் தூங்க விடமாட்டே" என்கிறார் வீட்டுக்காரர். பென்சில் பிடித்தால் மட்டும் பயம் கொஞ்சம் விடுகிறது.

உன்,
அழுமூஞ்சி

பிப்ரவரி 20

அடி அழுமூஞ்சி,

உன் பிள்ளை அழகன். மூக்கு உன்னுடையது இல்லை, பிழைத்தான்.

இப்போது திட்டு வாங்கிக்கொள். வலது கையை எப்படியோ சமாளித்திருக்கிறாய். இடது கை? பதினான்கு படத்திலும் மூடிய முஷ்டி. கட்டைவிரலைக் காணவே காணோம், உள்ளே ஒளித்துவிட்டாய். விரல் வரைய வேண்டுமென்றால் எல்லோர் கையையும் பாக்கெட்டுக்குள் விட்டவள்தானே நீ! பிள்ளைக்குப் பாக்கெட் இல்லை என்றதும் முஷ்டியா?

என் தங்கை மகளின் கையைப் பார்த்துப் பதினான்கையும் அழித்துத் திருத்திவிட்டேன். நோட்டு என்னிடமே இருக்கட்டும். புது நோட்டு அனுப்புகிறேன். முதல் பக்கத்தில் ஒரு விரிந்த கை வரைந்திருக்கிறேன். அதைப் பார்த்துப் பழகு.

ரப்பர்

ஏப்ரல் 6

அன்புள்ள ரப்பருக்கு,

நீ சொன்னது சரி. சோம்பேறித்தனம்தான். உன் கையைப் பார்த்துப் பார்த்து வரைந்ததில், இப்போது அவனைப் பார்க்காமலே ஐந்து விரலும் வந்துவிடுகிறது. "பரவாயில்லையே, இப்பதான் கை மாதிரி இருக்கு" என்றார் வீட்டுக்காரர். அவர் வாயிலிருந்து இது வருவது லேசா?

உன்,
அழுமூஞ்சி

ஜூலை 29

ரப்பர்,

தடுப்பூசி போடப் போன இடத்தில் நர்ஸம்மா குட்டியனிடம் கிலுகிலுப்பையை நீட்டினார். வலது கையால் வாங்கினான். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடி நீட்டினார். பார்த்தான், அழுதான். இடது கை வரவே இல்லை.

டாக்டர் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். "ஏம்மா, எத்தன மாசமா இப்படி மூடியே இருக்கு?"

"இப்பத்தான் டாக்டர்."

பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினேன். பிறக்கும் சமயத்தில் மூளைக்கு ரத்தம் போவதில் ஏதோ தடையாம். சின்ன மாதத்திலேயே பயிற்சி ஆரம்பித்திருந்தால் அந்தக் கை இன்னும் நன்றாகப் பழகியிருக்குமாம். முழுக்கச் சரியாகுமா என்று கேட்டேன். "பாக்கலாம்மா" என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் வீட்டுக்காரர் ஜன்னலைப் பார்த்தபடி கேட்டார்: "தெனம் அவனையே உக்காந்து வரையறியே, கண்ண எங்க வச்சிருந்தே?"

எப்போதிருந்து என்று டாக்டருக்குத் தெரிய வேண்டும். பழைய நோட்டை அனுப்பு.

ஆகஸ்ட் 9

ரப்பர்,

பார்சல் வந்தது. உள்ளே நோட்டு மட்டும் இருந்தது. உறையைக் கிழித்துத் திருப்பிப் பார்த்தேன், ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

சுத்தமாக அழித்திருக்கிறாய். பதினான்கு படத்திலும் உன் தங்கை மகளின் கை. ஆனால் நான் பென்சிலை அழுத்துகிறவள் இல்லையா? தாளை விளக்குக்கு நேரே சாய்த்தால் பள்ளம் தெரிகிறது. முதல் படத்திலேயே இடது கை மூடித்தான் இருக்கிறது. கட்டைவிரல் உள்ளே. கீழே தேதி, என் கையெழுத்து. நான் சரியாகத்தான் வரைந்திருக்கிறேன்.

டாக்டர் தேதியைக் குறித்துக்கொண்டார். காலையிலும் மாலையிலும் அவன் விரலைப் பிரித்துவிடுகிறேன். விட்டவுடன் மூடிக்கொள்கிறது. பென்சிலை எல்லாம் கட்டி மேல் அலமாரியில் போட்டுவிட்டேன்.

உன்மேல் பழி போடவில்லை. நீ பார்த்தது காகிதத்தை. பிள்ளை என் மடியில் இருந்தான். உன் கையை நம்பி அவன் கையைப் பார்க்காமல் விட்டவள் நான். ஆனால் ஒன்று மட்டும் தெரியாமல் என்னால் தூங்க முடியவில்லை. ஐந்தாவது, ஆறாவது முஷ்டியை அழிக்கும்போதாவது, ஏன் எப்போதும் அதே கை என்று உனக்குத் தோன்றியதா? தோன்றியும் எனக்கு எழுதாமல் விட்டாயா? இல்லை என்றால் இல்லை என்றே எழுது, நம்புகிறேன்.

சீக்கிரம் பதில் போடு.