தாய்மீனுக்கு இட்லி

புதன், ராத்திரி.

இந்தத் தடவையும் தங்கமீன் முட்டை அத்தனையும் வெளுத்து, பூசணம் பிடிச்சுப் போச்சு. ஒரு குஞ்சுகூட தேறல. முட்டை போடுத மீனுக்குப் புழுதான் குடுக்கணும்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட காட்டுக் கத்தலா கத்துதேன். இன்னைக்குத் தொட்டியக் கழுவினா அடியில எல்லாம் இட்லித் துணுக்கு! சயான் ரயில் ஸ்டேஷன் வாசல்ல வித்து மிஞ்சினத அள்ளிப் போட்டிருக்காரு. குர்லாவுல நான் வாங்கிட்டு வந்த புழுப் பாக்கெட்டு பிரிக்காம அப்படியே கெடக்கு.

"ஏளா, வீணாக்க மனசு வரல. வயிறு நெறஞ்சாப் போதாதா?"ன்னாரு.

வயிறு நெறஞ்சா ஆச்சா? முட்டைக்குச் சத்து எங்கருந்து வரும்?

கடைசியில, நாளையிலருந்து மீனுக்குப் புழுதான்னு சத்தியம் பண்ணினாரு.

எனக்கு இது ஏழாம் மாசம். ராத்திரி என் தட்டுலயும் அந்த மிஞ்சின இட்லிதான் விழுந்துச்சு.