ஒன்பது குழாய் ஊரிகம் ரத்தம்

ஜனவரி 11, ஞாயிறு

பனி. ஊரிகம் ஸ்டேஷன் விளக்குகூடத் தெரியவில்லை. பஞ்சு, குழாய், லேபிள், தெர்மோகோல் பெட்டி ரெடி. ஸ்வெட்டர் தோய்க்கவில்லை.

கே.ஜி.எஃப். தங்கச் சுரங்கத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லைனில் போன வருஷம் டெங்கு வந்து பிழைத்த ஒன்பது பேருக்கு ரத்தம் தரச் சம்மதம். அவர்கள் ரத்த அணுக்களுக்கு அந்த வைரஸ் இன்னும் ஞாபகம் இருக்கிறதா? இதுதான் என் ஆராய்ச்சி. அணுக்கள் பெங்களூர் லேபுக்கு உயிரோடு போய்ச் சேர வேண்டும். போன தடவை ரயில் லேட், பாதி செத்துவிட்டன. இந்தத் தடவையும் செத்தால் கே.ஜி.எஃப். வேண்டாம், பெங்களூர் ஆட்களே போதும் என்று லேப் தலைவி மேடம் சொல்லிவிட்டார். விடுவேனா!

ஜன. 12, திங்கள்

ரயிலில். எழுத்து ஆடுகிறது.

விடியற்காலையில் ரத்தம் எடுத்தது பக்கத்து வீட்டு செல்வி அக்கா, பெங்களூரில் நர்ஸ், தினமும் இதே ரயில். ஒன்பது பேரும் பட்டினியாக வந்து நின்றார்கள்.

"சாப்ட்டு வரச் சொன்னேனே!"

"ரத்தம்னா வெறும் வயிறு தானேம்மா?"

ஊருக்கே சுகர் டெஸ்ட் பழக்கம்.

பங்காருப்பேட்டை தாண்டிப் பெட்டியைத் தொட்டால் ஜில்! உள்ளே குழாய்களைச் சுற்றி ஐஸ் கட்டி. அப்பாவுக்கு ஃபோன்.

"நாந்தாம்மா வெச்சேன். ஐஸ் இல்லாங்காட்டி ரத்தம் கெட்டுப்பூடாதா?"

"ஐயோ அப்பா! ஜில்லுனு இருந்தா அணு செத்துப்பூடும்ப்பா!"

கத்திவிட்டேன். அழுகை வேறு. செல்வி அக்கா ஐஸை ஜன்னல் வழியே வீசினார். "இன்னா பாத்துக்கினு கீறீங்க? சால்வ குடுங்க!" தினமும் சீட்டுக்குச் சண்டை போடுகிற கும்பல். சால்வை வந்தது, மஃப்ளர் வந்தது, யாருடையதோ குரங்குக் குல்லாவும். பெட்டிக்கு ஜன்னல் சீட் கொடுத்துவிட்டார்கள். எனக்கில்லை. நின்றுகொண்டு எழுதுகிறேன்.

மாலை. லேபில் எண்ணிப் பார்த்தேன், அணுக்கள் பெரும்பாலும் உயிரோடு! ஆனால் உயிர் இருந்தால் போதாது, வைரஸ் துண்டைப் பார்த்து எதிர்க்க வேண்டும். இரண்டையும் குழித் தட்டில் போட்டு இன்குபேட்டரில் வைத்தாயிற்று. அப்பாவுக்குச் சொல்லவில்லை, இன்று ஒரு நாள் தவிக்கட்டும்.

ஜன. 14, புதன்

போகி. லீவு கேட்கவில்லை. காலையில் ஒரு பன், அவ்வளவுதான்.

தட்டு காய்ந்தது. எதிர்த்த அணு ஒவ்வொன்றும் ஒரு நீலப் புள்ளி. வைரஸ் போடாத குழிகள் சுத்தம். போட்ட குழிகளில் புள்ளியோ புள்ளி. முதல் ஆள், இரண்டாவது, மூன்றாவது... ஒன்பது பேருக்கும்! ஞாபகம் இருக்கிறது! பாத்ரூமில் போய்க் குதித்தேன். அப்பாவுக்கு ஃபோன் போட்டால், "ஐஸ் வெச்சது நல்லதாப் போச்சு பாத்தியா" என்கிறார்.

மேடம் தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ரத்தம் தந்தவர்கள் பட்டியலை எடுத்தார். கன்னடத்தில் ஒன்றே ஒன்று கேட்டார், உங்கள் லைனில் மொத்தம் எத்தனை வீடு என்று.