நடுவில் நின்ற லீவர்

சேலத்து மண்டிக்காரர் ஒரு மூட்டை மிளகைத் திருப்பி அனுப்பிவிட்டார். "எண்ணெய் நாத்தம் அடிக்குதுன்னு சொல்லச் சொன்னாருங்க பாய்" என்று வண்டிக்காரன் மூட்டையை இறக்கிப் போட்டுவிட்டுப் போனான். பிரித்து முகர்ந்து பார்த்தேன். மண்டிக்காரர் சொன்னதில் தப்பே இல்லை. கியர் எண்ணெய்தான். என் கிடங்கில் நீ கொட்டி, துடைத்து, மறுபடியும் கொட்டிய அதே எண்ணெய். காரைத் தரைக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டு, வெயில் ஏறினால் எழுந்து வருகிறது. நீ செத்து ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. இன்னும் என் வியாபாரத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கிறாய். உன்னை நேரில் திட்ட வழியில்லை என்பதால் அந்த மூட்டையின் மேலேயே உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

சண்டை முடிந்து நீ பர்மாவிலிருந்து திரும்பியபோது, பட்டாளத்துச் சம்பளத்தில் நிலம் வாங்குவாய் என்று நினைத்தேன். மலைமேல் குண்டனி நாட்டில் சாமையும் மிளகும் போடுகிற குடும்பத்துப் பிள்ளை வேறென்ன செய்வான்? நீயோ பட்டாளம் கழித்துப் போட்ட ஒரு ஜீப்பை ஏலத்தில் எடுத்து, மாடு பூட்டி இழுத்துக்கொண்டு, அடிவாரத்தில் என் கிடங்கு வாசலில் வந்து நின்றாய். "பாய், ஒரு மூலை குடு. பத்து நாள்ல எடுத்துக்கறேன்" என்றாய். உன் அப்பா மலையிலிருந்து கொண்டுவந்த மிளகை என் அத்தா எடை போட்டபோது, நாம் இருவரும் மூட்டை மேல் ஏறிக் குதித்து அடி வாங்கியவர்கள். மூலை கொடுக்காமல் என்ன செய்வேன்? நீ பனிக்காலம் முழுவதும் அசையவில்லை. மிளகு மூட்டைகள்தான் நகர்ந்து நகர்ந்து சுவரோடு ஒட்டின.

எதற்கு அந்த வண்டி என்று நான் கேட்கவில்லை. தெரியும். நீ பர்மாவில் அதிகாரிகளை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தபோது உன் மனைவிக்குப் பிரசவத்தில் சிக்கல். தூளி கட்டி நாலு பேர் தூக்கிக்கொண்டு மலையிலிருந்து இறங்கினார்கள். அடிவாரத்து ஆஸ்பத்திரிக்கு அவள் உயிரோடு வந்து சேரவில்லை. நீ அதைப் பற்றிப் பேசியது ஒரே ஒரு தடவைதான். ஜீப்புக்கு அடியில் படுத்துக்கொண்டு, முகம் தெரியாமல் பேசினாய். "இனி எங்க நாட்டுல ஒருத்தரும் தூளியில சாகக்கூடாது பாய்."

சண்டைக்காலத்தில் மரம் இறக்குவதற்காகக் கூப்புக் குத்தகைக்காரர்கள் வெட்டிய தடம் ஒன்று உங்கள் நாடு வரை போனது. மாட்டு வண்டி ஏறாது. ஜீப் ஏறும் என்றாய். ஏறியது. இறங்குவதில்தான் வந்தது வினை. கியர் பெட்டிக்குப் பின்னால் இன்னொரு பெட்டி உண்டு என்றும், அதுதான் எஞ்சினின் பலத்தை முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கிறது என்றும், மலைக்கு வேண்டிய லோ கியரும் அதற்குள்தான் இருக்கிறது என்றும் எனக்குப் பாடம் எடுத்தாய். பட்டாளத்தில் ட்ரான்ஸ்பர் கேஸ் என்பார்களாம். நீ சின்னப் பெட்டி என்றாய். லோவில் போட்டால் செங்குத்தான இறக்கத்திலும் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் நம் வண்டியில் உள்ளே எல்லாம் தேய்ந்து, பாதி இறக்கத்தில் லோ கியர் தானாகவே நழுவி நடுவுக்கு வந்துவிடும். பிறகு வண்டிக்கும் எஞ்சினுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அந்தப் பெட்டியின் வாலில்தான் கை பிரேக்கும் இருந்தது. ஒழுகும் எண்ணெய் அதன் பட்டையை நனைத்து, அதுவும் வழுக்கியது.

கழற்றினாய். கழற்றியதைக் கழுவ என் வீட்டுப் பெரிய அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்தாய். கந்தூரிக்குச் சோறாக்குகிற அண்டா! அதில் மண்ணெண்ணெயை ஊற்றிப் பல்சக்கரங்களை ஊறப்போட்டிருந்ததை என் வீட்டுக்காரி பார்த்துவிட்டாள்.

"அண்ணே, ஊருக்கே சோறாக்குற அண்டாண்ணே இது! இனி யாரு வாயில வைப்பா?"

"புளி போட்டு ரெண்டு தேய்ப்புத் தேய்ச்சா வாசனை போயிரும் கண்ணு."

"ரேசன் மண்ணெண்ணெய். வெளக்குக்கே இல்லாமக் கெடக்கோம். இவரு சக்கரத்துக்குக் குளிப்பாட்டு நடத்துறாரு."

அவள் இன்றைக்கும் அந்த அண்டாவை உன் அண்டா என்றுதான் சொல்கிறாள். அதில் சோறாக்குவதில்லை. தூக்கிப் போடவும் விடுவதில்லை.

பழையபடி ஆக்கினால் போதும் என்று நான் சொன்னேன். உனக்குப் போதவில்லை. நடுத்தண்டு ஒல்லி, இந்த மலைக்குத் தாங்காது என்று சொல்லி, சேலத்துக் கடைசல் பட்டறையில் அதைவிடத் தடிமனான தண்டு கடைந்து வாங்கினாய். பொடிப்பொடியாகத் தேய்ந்திருந்த பேரிங்கின் ஊசி உருளைகளை எறிந்துவிட்டு வெண்கலத்தில் புஷ் போட்டாய். புதுத் தண்டு நுழையப் பெட்டியின் ஓட்டையை அகலப்படுத்த வேண்டியிருந்தது. அதற்கு நமக்குள் ஒரு சண்டை. கம்பளிச் சீலுக்குப் பதில் எண்ணெயில் ஊறவைத்த தோல் சீல். அதற்கு வேறொரு சண்டை. லீவரை இடத்தில் நிறுத்துகிற ஸ்பிரிங்கை மாற்றி, ஆள் உதைத்தாலும் நகராத ஒன்றைப் போட்டாய். நான் இழுத்துப் பார்த்துத் தோள் வலித்து உட்கார்ந்தேன். நீ சிரித்துக்கொண்டே சொன்னாய்: "இப்ப நழுவச் சொல்லு பாப்போம். எறக்கத்துல கியருதான் சாமி பாய். பிரேக்கு வெறும் பூசாரி."

இதைச் சொன்ன வாய் உன் வாய்தான். எனக்கு நெஞ்சு எரிகிறது என்றால் எரியாமல் என்ன செய்யும்?

கோடையில் அந்த வண்டி எத்தனை பேரை இறக்கியது! காய்ச்சல் கண்டவர்கள், பனையிலிருந்து விழுந்தவன், வயிற்றுவலிக் கிழவர். நானும் உன்னோடு பலமுறை வந்தேன். நீ ஓட்டக் கற்றுக்கொடுத்தாய், நான் கற்றுக்கொண்டேன். லோ கியர் ஒரு தடவைகூட நழுவவில்லை. பாதி மலையில் ஓடையைத் தாண்டினால் அம்மன் சோலை. அந்த மரங்களுக்குள் செருப்போடு போவதில்லை, எதிலும் ஏறிப் போவதில்லை என்பது உங்கள் வழக்கம்; வண்டியை ஓட்டுகிறவனை மட்டும் ஊர் விட்டுக்கொடுத்திருந்தது. நோயாளியைக்கூட இறக்கி, கையில் தூக்கிக்கொண்டுதான் தாண்டுவார்கள். நானும் இறங்கிச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பேன். எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் நீ என்ன செய்தாய்? எஞ்சினை அணைத்தாய். அணைத்ததோடு விட்டாயா? சின்னப் பெட்டியின் லீவரையும் நடுவுக்கு இழுத்துவிட்டு, கால் பிரேக்கை மட்டும் நம்பி, மூச்சுக்காட்டாமல் வண்டியை உருட்டிக்கொண்டு போனாய்.

"அணைச்சாலும் கியர்ல கெடக்கட்டுமே" என்றேன் முதல் நாளே.

"கியர்ல இருந்தா எஞ்சின் புஸ்ஸு புஸ்ஸுன்னு இருமும் பாய். இந்த எடத்துல சத்தம் ஆகாது. ஊருல சொல்லியிருக்கு."

ஊரில் சொன்னது என்றால் ஊர்க்கவுண்டர் சொன்னது என்று எடுத்துக்கொண்டேன். வண்டியை மேலே விடுவதற்கு அவர் போட்ட நிபந்தனை என்று நினைத்தேன். கோடையில் ஓடை வறண்டு கிடந்தது. பிரேக் பிடித்தது. வண்டி பூனை போல் இறங்கியது. நானும் வாயை மூடிக்கொண்டேன்.

ஆடியில் மழை பிடித்தது. ஊர்க்கவுண்டரின் மருமகளுக்கு வலி வந்து பிள்ளை குறுக்கே கிடப்பதாகச் சேதி வந்ததும் நீ தனியாகவே ஏறிப் போனாய். எனக்குத் தெரிந்ததெல்லாம் உங்கள் ஊர் ஆட்கள் சொன்னதுதான். திரும்பும்போது ஓடையில் முழங்கால் தண்ணீர். வண்டி தண்ணீருக்குள் இறங்கி ஏறியது. கரையேறியதும் எல்லாரையும் இறக்கிவிட்டாய். அந்தப் பெண்ணைத் தூளியில் வைத்து முன்னால் அனுப்பினாய். எஞ்சினை அணைத்தாய். நனைந்த பிரேக் பிடிக்காது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவனே நீதான். சக்கரத்துப் பிரேக்கும் நனைந்திருந்தது, கை பிரேக்கும் நனைந்திருந்தது. தண்ணீர் படாமல் இருந்தது சின்னப் பெட்டியின் உள்ளே இருந்த பல் ஒன்றுதான். பனிக்காலம் முழுக்க நீ உயிரைக் கொடுத்துச் சரிசெய்த பல். சோலைக்குக் கீழே இருக்கும் வளைவில் வண்டி திரும்பவில்லை.

"சத்தமே இல்லீங்க பாய்" என்றான் தூளி தூக்கியவர்களில் ஒருவன். "எங்களைத் தாண்டி ஓடுன பொறகுதான் பாத்தோம். 'ஒதுங்கு, ஒதுங்கு'ன்னு அவரு கத்துனது மட்டுந்தான் கேட்டுது."

அந்தப் பெண் பிழைத்தாள். பிள்ளையும் பிழைத்தது. உன்னை அதே தடத்தில், இன்னொரு தூளியில், அவளுக்குப் பின்னால் இறக்கிக்கொண்டு வந்தார்கள்.

ஜீப் வளைவுக்குக் கீழே பள்ளத்தில் ஒரு மரத்தில் சாய்ந்து நின்றிருந்தது. மாடு பூட்டி மேலே இழுத்ததும் முதலில் நான் பார்த்தது அந்த லீவரைத்தான். நடுவில் நின்றது. ஸ்பிரிங் விட்டிருக்கும், நழுவியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். கிடங்குக்குக் கொண்டுவந்து பெட்டியை நானே பிரித்தேன். உன் வேலையில் ஏதாவது ஒரு குற்றம் கிடைக்காதா என்று வெறிபிடித்தவன் மாதிரி தேடினேன். தண்டில் கீறல் இல்லை. புஷ்ஷில் தேய்வு இல்லை. தோல் சீல் ஒரு சொட்டு விடவில்லை. லீவரை லோவில் போட்டுத் தொங்கினேன், அசையவில்லை. கையிலிருந்த ஸ்பேனரை ஓங்கி எறிந்தேன். வேலை சரியில்லாமல் செத்திருந்தால் என் மனம் ஆறியிருக்கும் போலிருக்கிறது.

கோபத்துக்கு ஓர் ஆள் வேண்டுமே. ஊர்க்கவுண்டரைப் பிடித்துக்கொண்டேன். அவர் மிளகு இனி என் கிடங்குக்குள் வரக்கூடாது என்று சொல்லி அனுப்பினேன். உன் காரியத்தன்று அவர் என் பக்கம் வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஜீப்பை மட்டும் வெறுமனே விட மனமில்லாமல் நிமிர்த்தி, தட்டி, ஓடுகிறபடி ஆக்கினேன். யார் ஓட்டுவதற்கு என்று என் வீட்டுக்காரி கேட்டாள். நான் டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் அவரே இறங்கி வந்தார். நடந்தே வந்திருந்தார். மூட்டை ஏதும் கொண்டுவரவில்லை. வாசலிலேயே நின்றார்.

"ஏனுங்க பாய், எந் தம்பி காய்ச்சல்ல கெடக்குறானுங்க. நெனவு தப்பித் தப்பி வருது. வண்டி ஓடுதுன்னு சொன்னாங்க..."

"ஓடும். சத்தத்தோடதான் ஓடும்" என்றேன். "ஒங்க சோலையில ஒரு ஆளைச் சத்தமில்லாமக் கொன்னது போதாதா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நாங்க எப்பங்க சத்தம் ஆகாதுன்னோம்? செருப்பும் சவாரியுந்தானுங்க ஆகாது. ஆளை எறக்கிட்ட வண்டி எப்படிப் போனா எங்களுக்கென்னங்க? அம்மன் நோம்பிக்குப் பறையும் கொம்பும் அந்த மரத்தடியிலதான முழங்குது, சாமி என்ன காதப் பொத்திக்கிச்சா?"

"அவன் ஊருல சொல்லியிருக்குன்னான்."

"யாருஞ் சொல்லலீங்க. அவனேதான் அணைச்சான். எதுக்கப்பா அணைக்கிறேன்னு நானே ஒருக்காக் கேட்டேன். பதில் சொல்லலீங்க." வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "அவம் பொண்டாட்டி உசுரு போனது அந்த எடத்துலதானுங்க. ஓடையத் தாண்டித் தூளிய எறக்கி வெச்சோம். தண்ணி கேட்டா. கொண்டாரதுக்குள்ள முடிஞ்சிருச்சு. அவன் பட்டாளத்துல இருந்து வந்து கேட்டப்ப, எடத்தைக் காட்டுனவன் நாந்தானுங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அடப்பாவி! பனிக்காலம் முழுக்க என் தோளோடு தோள் உரசிக்கொண்டு கிடந்தாய். எந்த ஸ்பிரிங் எத்தனை பலம் என்று மணிக்கணக்கில் பேசினாய். இந்த ஒரு வார்த்தையைச் சொல்ல உனக்கு வாய் இல்லையா? சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேனா? அவளுக்காக நீ மூச்சைப் பிடித்துக்கொண்டு போகிறாய் என்று தெரிந்திருந்தால், ஒவ்வொரு தடவையும் உன்னை இறக்கிவிட்டு நானே ஓட்டியிருப்பேனே. நீ நடந்து வந்திருக்கலாம். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அங்கே நின்றுவிட்டு வந்திருக்கலாம். கீழே வண்டியோடு காத்திருந்திருப்பேன்.

அன்றைக்கே ஊர்க்கவுண்டரை ஏற்றிக்கொண்டு மேலே போனேன். நோயாளியை வைத்துக்கொண்டு இறங்கினேன். ஓடையில் இன்னும் கணுக்கால் தண்ணீர் ஓடுகிறது. சோலைக்கு முன்னால் நிறுத்தினேன். அவர்கள் செருப்பைக் கழற்றினார்கள், தம்பியைத் தூளியில் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்கள். நான் மட்டும் வண்டியில் இருந்தேன். லோவில் போட்டேன். எஞ்சின் உறுமியது. அந்த மரங்களுக்குள் நுழைந்தபோது என் கை நான் சொல்லாமலே சுவிட்சை அணைக்கப் போனது. சத்தியமாகச் சொல்கிறேன், உன் சாமிக்காக இல்லை, என் மார்க்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நீங்கள் இரண்டு பேரும் அங்கே இருப்பது போலவும், நான் சத்தம் போட்டு எழுப்புவது போலவும் இருந்தது.

கையை இழுத்துக்கொண்டேன். அந்தச் சோலை முழுவதையும் எஞ்சின் உறுமத்தான் தாண்டினேன், வளைவு வரைக்கும் உன்னை வாய்விட்டுத் திட்டிக்கொண்டே. முன்னால் நடந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அழுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். தம்பி பிழைத்துக்கொண்டான். நாளைக்குப் பக்கத்து ஆலத்தூர் நாட்டிலிருந்து யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள், அந்தத் தடத்திலேயேதான் இறங்க வேண்டும். அந்த இடத்தில் உனக்காக எஞ்சினை அணைப்பேன் என்று எதிர்பார்க்காதே. அணைக்க மாட்டேன்.